விளக்கு மங்கினால் பேட்டரியைத் திட்டாதீர்கள்: வோல்ட், ஆம்பியரிலிருந்து ஓம், வாட் கண்டுபிடிக்கும் முறை

கடலூர் தேவனாம்பட்டினம் மணலில் ஏற்றி வைத்த ஃபைபர் படகானாலும், புதுச்சேரி தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் நிற்கும் விசைப்படகானாலும், விளக்கு மங்கினால் முதல் பழி பேட்டரி மேல்தான் விழும். ஆனால் பல தடவை குற்றவாளி, உப்புக்காற்றில் பச்சைக் களிம்பு ஏறிய ஓர் இணைப்பு. அதைப் பிடிக்க இரண்டு கணக்குகள் போதும்.

மின்தடை (ஓம்) = மின்னழுத்தம் (வோல்ட்) ÷ மின்னோட்டம் (ஆம்பியர்)
திறன் (வாட்) = மின்னழுத்தம் × மின்னோட்டம்

முதலில் மேசையில் பழகுவோம். 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி, 22 ஓம் 10 வாட் வெள்ளை சிமென்ட் ரெசிஸ்டர், 1 ஆம்பியர் ஃபியூஸும் அதன் ஹோல்டரும், கிளிப் வைத்த ஒயர்கள், ஒரு மல்டிமீட்டர். ரெசிஸ்டரில் வாட் முக்கியம். 5 வாட் வாங்கினால் கருகும். காரணம் கணக்கிலேயே தெரியும்.

படி 1. பேட்டரி பிளஸ், ஃபியூஸ், ரெசிஸ்டர், பேட்டரி மைனஸ் என்று வரிசையாக இணையுங்கள். ஃபியூஸ் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். ரெசிஸ்டரை ஓடு அல்லது செங்கல் மேல் வையுங்கள். இரண்டு நிமிடத்தில் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும்.

படி 2. மீட்டரை 20 வோல்ட் டிசி-யில் வைத்து, ரெசிஸ்டரின் இரு கால்களிலும் முனைகளைத் தொடுங்கள். 12.1 என்று காட்டுவதாகக் கொள்வோம். பேட்டரியைத் தனியாக அளந்தபோது 12.6 இருந்திருக்கலாம், அந்த எண் இந்தக் கணக்குக்கு உதவாது. கரண்டு ஓடும்போது, பொருளின் இரு முனைகளுக்கு நடுவில் கிடைப்பதே வேண்டும்.

படி 3. இப்போது கரண்டு. சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, குமிழையும் 10 ஆம்பியருக்குத் திருப்புங்கள். இணைப்பை ஓரிடத்தில் கழற்றி, அந்த இடைவெளியில் மீட்டரை நுழையுங்கள். 0.55 காட்டும். மலிவு மீட்டர்களில் 200 மில்லிஆம்பியர் அளவில் வைத்து இதை அளந்தால் உள்ளே இருக்கும் ஃபியூஸ் போய்விடும். 10 ஆம்பியர் துளைக்கோ பல மீட்டர்களில் ஃபியூஸே கிடையாது. அதனால் பத்து நொடிக்குள் படித்துவிட்டு எடுங்கள்.

அளந்த கையோடு சிவப்பு ஒயரைப் பழைய துளைக்கு மாற்றுங்கள். எல்லாரும் மறப்பது இதைத்தான். 10 ஆம்பியர் துளையில் இருந்தபடியே பேட்டரியின் இரு முனைகளையும் தொட்டால், மீட்டர் வெறும் கம்பி மாதிரிதான். நேரடி ஷார்ட், தீப்பொறி, உருகிய முனை.

படி 4. 12.1 ÷ 0.55 = 22 ஓம். 12.1 × 0.55 = சுமார் 6.7 வாட். 5 வாட் ரெசிஸ்டர் ஏன் கருகும் என்பது இப்போது புரியும். விடை 0.022 என்று வந்தால், 550 மில்லிஆம்பியரை ஆயிரத்தால் வகுக்க மறந்திருக்கிறீர்கள். 21.5 வந்தாலும் கவலை வேண்டாம்; 5 சதவீத ரெசிஸ்டர் 20.9 முதல் 23.1 வரை இருக்கலாம்.

படி 5. ரெசிஸ்டரை எடுத்துவிட்டு, பைக் இண்டிகேட்டரில் வரும் 12 வோல்ட் 21 வாட் பல்பைப் போடுங்கள்; ஃபியூஸ் 5 ஆம்பியர். எரியும்போது 11.9 வோல்ட், 1.7 ஆம்பியர் வந்தால் மின்தடை 7 ஓம், திறன் 20 வாட். அணைத்து, கழற்றி, ஆறியபின் ஓம் அளவில் அளந்தால் ஒரு ஓம்கூட இருக்காது. மீட்டர் பொய் சொல்லவில்லை. டங்ஸ்டன் இழை சூடேறினால் அதன் தடை பத்து மடங்குக்கு மேல் ஏறும். பல்பு பெரும்பாலும் சுவிட்ச் போடும் கணத்தில் ஃபியூஸ் ஆவதும் இதனால்தான்.

வீட்டு 230 வோல்ட்டில் இந்த மீட்டரை வைத்துக் கரண்டு அளக்க வேண்டாம். இஸ்திரிப்பெட்டியில் 1000 வாட் என்று அச்சிட்டிருந்தால் 1000 ÷ 230 = 4.35 ஆம்பியர், 230 ÷ 4.35 = சுமார் 53 ஓம். ஃபேன், மோட்டாருக்கு இந்தப் பெருக்கல் அப்படியே பொருந்தாது. வீட்டு ஏசி (மாறுதிசை) மின்சாரத்தில், வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கியதில் எவ்வளவு பங்கு உண்மையான வாட் என்று சொல்லும் பவர் ஃபேக்டரும் சேர வேண்டும்.

படி 6. இனி படகுக்கு. 4 ஆம்பியர் இழுக்கும் விளக்கை எரியவிட்டு, சந்தேகமான இணைப்பின் இரு பக்கமும் வோல்ட் அளவில் தொடுங்கள். நல்ல இணைப்பில் கிட்டத்தட்ட பூஜ்யம். 0.6 வோல்ட் காட்டினால் 0.6 ÷ 4 = 0.15 ஓம்; அந்தச் சின்ன இடத்திலேயே 2.4 வாட் சூடாக வீணாகிறது. இப்படி நான்கு இணைப்புகள் இருந்தால் 2.4 வோல்ட் விளக்குக்குப் போய்ச் சேராது. ஃபியூஸும் எச்சரிக்காது, ஏனென்றால் கரண்டு கூடவில்லை, குறைந்திருக்கிறது.

ஓம் அளவில் வைத்து 0.15-ஐக் கண்டுபிடிக்க முடியாது. மீட்டரின் ஒயர்களே அதைவிட அதிகம் காட்டும். கரண்டு ஓடவிட்டு வோல்ட் பார்த்து வகுப்பதுதான் இங்கே வழி.

விளக்கை அணைத்து, பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, களிம்பேறிய நுனியை வெட்டுங்கள். பளபளப்பான செம்பு வரும்வரை பின்னுக்குப் போக வேண்டும். களிம்பு உறைக்குள்ளேயும் ஏறியிருக்கும். புது லக் (ஒயர் நுனியில் அழுத்திப் பொருத்தும் உலோக முனை) அழுத்தி, கிரீஸ் தடவி மூடியபின் மறுபடி அளந்தால் 0.04 வோல்ட் அளவுக்கு இறங்க வேண்டும். அதாவது 0.01 ஓம், 0.16 வாட். இறங்கவில்லையென்றால் அடுத்த இணைப்புக்குப் போகாதீர்கள், லக்கைத் திரும்ப அழுத்துங்கள்.