அக்கா, தங்கச்சி, கொஞ்சம் மந்திரம்: முதல் ஃபேன்டசி நாவலைப் படித்து முடிப்பது எப்படி?

போன மே மாத லீவுக்கு என் தங்கை மகள்கள் இருவரும் ஏற்காட்டில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பெரியவள் பத்தாவது முடித்திருந்தாள். அவள் பையில் தலையணை கனத்துக்கு ஒரு ஆங்கில நாவல். மூன்று சகோதரிகள், ஆளுக்கொரு மந்திர சக்தி என்று பின்னட்டையில் போட்டிருந்தது. மூன்றாம் நாள் அதைத் திண்ணையில் கவிழ்த்துப் போட்டுவிட்டு, "யாரு யாருன்னே தெரியல பெரியம்மா. நாப்பது பக்கம் ஆச்சு, ஒண்ணும் மண்டையில ஏறல" என்றாள்.

நானும் இப்படி இரண்டு புத்தகங்களைத் தூக்கிப் போட்டவள்தான். அப்புறம்தான் பிடிபட்டது. இந்த வகைக் கதையில் மந்திரத்தின் பின்னால் ஓடினால் வழி தவறிப்போகும். அக்கா தங்கச்சியைப் பிடித்துக்கொண்டால் மந்திரம் தானாகக் கூட வரும். அவளுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

படி 1: எத்தனையாவது பாகம் என்று பாருங்கள்

சிரிக்காதீர்கள். சேலத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்குக் கிடைத்ததே என்று ஒரு நாவலை வாங்கி வந்தேன். முதல் பக்கத்திலேயே செத்துப்போன தங்கைக்காக எல்லோரும் அழுகிறார்கள். 'என்ன துணிச்சலான ஆரம்பம்' என்று அறுபது பக்கம் மெச்சிக்கொண்டே படித்தேன். பிறகுதான் முதுகுப்பட்டையில் கடுகு மாதிரி ஒரு '2' கண்ணில் பட்டது. முதல் பாகத்தின் முடிவு எனக்கு அத்தோடு போயிற்று. இந்த நாவல்கள் மூன்று பாகமாக வருவது சகஜம். முதுகையும் உள்பக்கத்தையும் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

இன்னொன்று. இளையோர் நாவல் என்பது ஏறக்குறைய 12 முதல் 18 வயதுக்காரர்களுக்கு எழுதுவது. மந்திரம் இருப்பதால் குழந்தைக் கதை என்று நினைத்து எட்டு வயதுப் பிள்ளையிடம் நீட்டிவிடாதீர்கள். சாவு, காதல், துரோகம் எல்லாம் வரும்.

படி 2: முதல் ஐம்பது பக்கத்தைக் கொண்டை ஊசி வளைவு மாதிரி கடங்கள்

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். முதல்முறை வருகிறவர்கள் ஒன்று விடாமல் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, ஆறாவது வளைவிலேயே கிறுகிறுத்துப் போவார்கள். தினம் வருகிறவர்கள் நேராகப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்கள். நாவலிலும் அப்படித்தான். நாட்டின் பெயர், குலத்தின் பெயர், பன்னிரண்டு மாதங்களுக்கும் புதுப் பெயர் என்று எழுத்தாளர் அள்ளி வீசுவார். எதையும் மனப்பாடம் செய்யாதீர்கள். வேண்டியது திரும்ப வரும். முன்கதை என்று ஆரம்பத்தில் நாலு பக்கம் புகைமூட்டமாக இருந்தால், புரியாமலே கடந்து போங்கள். பாதிப் புத்தகத்தில் திரும்பி வந்து படித்தால் பளிச்சென்று இருக்கும்.

அத்தியாயத் தலைப்பை மட்டும் விடக்கூடாது. பல நாவல்களில் ஒரு அத்தியாயத்தை அக்கா சொல்வாள், அடுத்ததைத் தங்கை சொல்வாள். தலைப்பில் வெறும் பெயர்தான் இருக்கும். என் மகள் முறைக்காரி குழம்பியது இங்கேதான். மூன்று பேர் சொல்லும் 'நான்' எல்லாவற்றையும் ஒரே ஆளாக நினைத்து நாற்பது பக்கம் படித்திருக்கிறாள்.

படி 3: ஒரு சீட்டு, மூன்று கட்டம்

காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். சகோதரிக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் மூன்று கட்டம். அவளுக்கு என்ன வேண்டும், அவளால் என்ன முடியும், மற்றவர்களிடம் எதை மறைக்கிறாள். மூன்றாவது கட்டம் முதலில் காலியாகத்தான் இருக்கும். அது நிரம்ப ஆரம்பிக்கும்போது கதை சூடு பிடித்துவிட்டது என்று அர்த்தம். எங்கள் வீட்டுச் சீட்டில் நடு சகோதரிக்கு நேராக மூன்றாவது கட்டத்தில், "தனக்கு சக்தியே இல்லேங்கறத" என்று பென்சிலால் எழுதியிருந்தாள். அன்றைக்கு ராத்திரி பதினொரு மணிக்கு நான்தான் லைட்டை அணைத்தேன்.

படி 4: மந்திரத்துக்கு நம் சொல்லைப் பொருத்துங்கள்

ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்கு இது. எல்லாவற்றையும் 'மேஜிக்' என்று ஒரே கூடையில் போடாதீர்கள். ஸ்பெல் என்றால் மந்திரம், கர்ஸ் சாபம், ஹெக்ஸ் ஏறக்குறைய செய்வினை, கழுத்தில் தொங்கும் சார்ம் நம் தாயத்து. இந்தக் கதைகளில் கிளாமர் என்று வந்தால் சினிமாக் கவர்ச்சி இல்லை, கண்கட்டு வித்தை. அந்தச் சொல்லே கிராமர் என்ற சொல் ஸ்காட்லாந்துப் பக்கம் திரிந்து வந்தது. நாலெழுத்துப் படித்தவனுக்கு மந்திரமும் தெரியும் என்று ஊர் நம்பிய காலத்துச் சங்கதி. இலக்கணம் படித்தால் மயக்க முடியும் என்று எங்கள் தமிழ் டீச்சருக்குத் தெரிந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

மற்ற சொற்களுக்கு அகராதியைத் திறக்காதீர்கள். ஒரே சொல் மூன்று முறை வந்து மறித்தால் மட்டும் பாருங்கள்.

படி 5: விலை யார் கொடுக்கிறார்கள்?

இதுதான் கதையின் ஆணிவேர். மந்திரம் வரும் இடத்திலெல்லாம் கேளுங்கள்: இதற்கு என்ன விலை, யார் தலையில்? உடைந்த எதையும் ஒட்டவைக்கும் சக்தி அக்காவுக்கு இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அவளுக்கு ஒரு நாள் ஞாபகம் அழிந்துவிடும் என்று வையுங்கள். தங்கையின் முறிந்த காலைச் சரிசெய்கிறாள். அழிந்த நாள், தங்கை பிறந்த நாள். கதை அங்கேதான் இருக்கிறது, காலில் இல்லை.

சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆடியில் கோட்டை மாரியம்மனுக்கு மாவிளக்கு போடுகிறவர்களையும், உருளுதண்டம் போடுகிறவர்களையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கேட்டது கிடைத்தால் கொடுத்தாக வேண்டும். எட்டுப் பேட்டை மாரியம்மன்களுக்கும் கோட்டையிலிருப்பவளே தலைமை என்பார்கள். எங்கள் அம்மாயி ஒரு படி மேலே போய், "எல்லாம் அக்கா தங்கச்சிங்க கண்ணு, பெரியவள மொதல்ல கேக்கோணும்" என்று சொல்லும்.

"இதெல்லாம் நம்பற மாதிரியா இருக்கு?" என்று கேட்கும் பெரியவர்களுக்கு ஒன்று. சேலத்தில் குகை என்ற பேட்டையில், சாமி வேஷம் போட்டு வண்டியில் ஊர்வலம் வரும் வண்டி வேடிக்கை பார்த்திருப்பீர்கள். வண்டியில் ஈஸ்வரன் வேஷத்தில் நிற்பவர் பக்கத்துத் தெருக்காரர் என்று தெரியும். தெரிந்தும் கை தானாகக் கும்பிடுகிறதே, அந்தக் கையால் பக்கத்தைப் புரட்டுங்கள்.

படி 6: சண்டைக் காட்சியை இரண்டு முறை படியுங்கள்

பூதத்தோடு போடும் சண்டை இல்லை; அதை ஓட்டமாகப் படிக்கலாம். சகோதரிகளின் வாய்ச்சண்டையைச் சொல்கிறேன். பெரும்பாலும் அம்மா அப்பா இறந்திருப்பார்கள், அல்லது எங்கோ போயிருப்பார்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ராத்திரி காட்டுக்குள் விடுவார்களா? அதனால் எழுத்தாளர் அவர்களை நகர்த்திவிடுவார். மூத்தவள் பதினேழு வயதில் அம்மாவாகிவிடுவாள். "உன் நல்லதுக்குத்தான்" என்று அவள் சொல்லும் இடத்தில் கோடு போட்டு வையுங்கள். பின்னால் வெடிப்பது அதுதான்.

பழைய ஐரோப்பியக் கதைகளில் மூன்று பேர் என்றால் கடைசியவள் ஜெயிப்பாள். நம் பக்கமும் மூத்தவளுக்கு நல்ல பேர் இல்லை. சீதேவிக்கு அக்கா மூதேவி. மூத்த தேவி என்பதுதான் அப்படி ஆயிற்று. ஒரு காலத்தில் கோயிலில் சிலை வைத்துக் கும்பிட்டவளை இன்று வசவாக்கி வைத்திருக்கிறோம். இப்போது வரும் நாவல்கள் பல அந்த மூத்தவளையே பேசவிடுகின்றன. எனக்கு இந்த வகை பிடித்ததற்கு அதுதான் காரணம், நானும் மூத்தவள்.

படி 7: இடம், தீனி

எங்கே வேண்டுமானாலும் படிக்கலாம். பீட்ரூட் துருவல் வைத்த தட்டுவடை செட் சாப்பிட்டுக்கொண்டு மட்டும் வேண்டாம். பீட்ரூட் கறை நூற்றிப்பன்னிரண்டாம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது.

படி 8: முடித்ததும் யாருக்காவது வாயால் சொல்லுங்கள்

உடனே அடுத்த பாகத்துக்குத் தாவாதீர்கள். புத்தகத்தைப் பார்க்காமல், தமிழில், முழுக் கதையையும் ஒருவருக்குச் சொல்லுங்கள். எந்த இடத்தில் திக்குகிறதோ, அங்கே உங்களுக்குப் புரியவில்லை; அந்த அத்தியாயத்தை மட்டும் திரும்பப் படித்தால் போதும்.

பெரியவள் ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸில் தங்கச்சிக்குச் சொல்ல ஆரம்பித்தாள். சேலம் வரை நானும் கூடப் போனேன். நடு சகோதரி பொய் சொல்லும் இடம் வந்தபோது பெரியவள் நிறுத்தி, யோசித்து, "இல்ல, அவ முன்னாடியே சொல்லிட்டா" என்று கதையையே மாற்றினாள். நான் வாயைத் திறக்கவில்லை. இன்னும் ஆறு வளைவு பாக்கி இருக்கும்போது சின்னவளுக்கு வாந்தி. கதை நின்றது. அக்காக்காரி கைக்குட்டையால் வாயைத் துடைத்துவிட்டு, பாதி எலுமிச்சம்பழத்தை மூக்கருகில் பிடித்தாள்.

அதை முகர்ந்துகொண்டே கண்ணைத் திறக்காமல் சின்னவள் கேட்டாள்: "அப்புறம்?"