காய்ந்த குப்பை வேறு, மக்கிய குப்பை வேறு

ஆடி பிறந்ததும் வேலூர் மாடிகளில் கத்திரியும் மிளகாயும் விதைக்கத் தொடங்குவார்கள். பத்தாம் நாள் புலம்பலும் தொடங்கிவிடும்: "வீட்டு உரம்தாங்க போட்டேன், நாத்து அப்படியே கருகிடுச்சு." சமையலறைக் கழிவை வாளியில் மக்க வைத்து உரமாக்கும்போது பிளாஸ்டிக்கைப் பிரித்துப் போடு, மூடி வை என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அனுபவப்பட்டவர்களும் ஒரு காலத்தில் செய்து, புதியவர்கள் இன்றும் வரி பிசகாமல் திரும்பச் செய்கிற தவறுகள் மட்டும் இங்கே.

நிறத்தைப் பார்த்து ஏமாறுவது

நட்டம் அதிகம் வைப்பது இதுதான். எத்தனை முறை சொன்னாலும் தீராத எரிச்சலும் இதுதான்.

கதை எப்போதும் ஒன்றே. மாசியில் 20 லிட்டர் பெயின்ட் வாளியில் ஓட்டை போட்டு ஆரம்பிப்பார்கள். பங்குனியில் நிரம்பியதும் மூடி, மொட்டை மாடியில் மேற்குச் சுவர் ஓரம் தள்ளிவிடுவார்கள். சித்திரையில் கத்திரி வெயில். ஆடியில் திறந்தால், "நாலு மாசம் ஆச்சு, கறுப்பா பொலபொலன்னு இருக்கு, வாடையே இல்லை" என்று மகிழ்ச்சி.

வாடை இல்லாததற்குக் காரணம், உள்ளே வேலை நின்று போனது. குப்பையை மக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு 50 முதல் 60 சதவீதம் ஈரம் வேண்டும். வேலூர் வெயிலில் அது சில வாரங்களில் வற்றிவிடும். பிறகு எத்தனை மாதம் கிடந்தாலும் அது காய்கிறதே தவிர மக்குவதில்லை. மாதத்தை எண்ணக் கூடாது. ஈரமாக இருந்த நாட்களை எண்ண வேண்டும். கையில் எடுத்துப் பாருங்கள்: வாழைப்பழத் தோல் நரம்பு நரம்பாகத் தெரியும், வெங்காயச் சருகு மொறுமொறுவென நொறுங்கும்.

அதைத் தொட்டியில் கலந்து தண்ணீர் ஊற்றியதும் நின்ற வேலை மறுபடி தொடங்குகிறது, இந்த முறை வேருக்குப் பக்கத்திலேயே. நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். அடி இலை வெளுக்கும். காற்றையும் அவையே தின்றுவிடும். அரைகுறையாக மக்கும்போது வரும் அமிலமும் அம்மோனியாவும் வேர் நுனியைச் சுட்டுவிடும்.

சோதிக்க இரண்டு வழி. ஒரு பிடி உரத்தை நனைத்து, பிழிந்து, கவரில் காற்றுப் புகாமல் கட்டி ஒரு வாரம் நிழலில் வையுங்கள். திறந்தால் மழை பெய்த மண் வாசனை வர வேண்டும். புளிப்போ மூத்திர வாடையோ வந்தால் ஆகவில்லை. இன்னொன்று, இரண்டு கொட்டாங்குச்சி: ஒன்றில் வெறும் மண், மற்றதில் பாதி மண் பாதி உரம். இரண்டிலும் பத்துப் பத்து பாசிப்பயறு. ஐந்து நாளில் இரண்டும் ஒரே மாதிரி முளைத்தால் பயமில்லை.

காய்ந்து போனதை எறிய வேண்டாம். வாளிக்குள்ளேயே தண்ணீர் ஊற்றினால் ஓரமாக வழிந்து அடியில் போய்விடும், நடுவில் ஈரமே ஏறாது. தார்ப்பாயில் கொட்டிப் பரப்பி, இரண்டு நாளில் நாலைந்து தடவையாகத் தெளியுங்கள். சுக்காய்க் காய்ந்த 10 கிலோவுக்கு ஏறக்குறைய 10 லிட்டர் பிடிக்கும். கடைசித் தடவையில் ஒரு கிலோ பச்சைச் சாணத்தைக் கரைத்துவிடுங்கள். பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும், ஒழுகக் கூடாது. மாடிப்படிக்கு அடியில் வைத்து, ஈரச் சாக்கு போட்டு, நாலு நாளைக்கு ஒருமுறை கிளறினால் இன்னும் 40, 50 நாள்.

தொட்டியில் போட்டாயிற்றா? நாற்றை வெறும் மண்ணுக்கு மாற்றிவிட்டு, அந்தத் தொட்டியை ஈரம் காயாமல் ஒரு மாதம் சும்மா விடுங்கள்.

மண்பானையை நம்புவது

பானையில்தான் உரம் நன்றாக வரும் என்று சொல்லி விற்கிறார்கள். ஐப்பசி மழைக்கு அது சரி. சித்திரையில் பானைச் சுவரே ஈரத்தைக் குடித்துவிடும். கோடையில் பிளாஸ்டிக் வாளி தேவலை.

சருகில் கஞ்சத்தனம்

ஒரு டப்பா காய்கறிக் கழிவுக்கு இரண்டு டப்பா காய்ந்த சருகு. தேங்காய் நார்த்தூள் என்றால் ஒரு டப்பா போதும். முட்டை அழுகிய நாற்றம் வந்தால் காற்று இல்லை, ஈரம் மிஞ்சிவிட்டது. கிளறிச் சருகு சேருங்கள். மூத்திர வாடை என்றால் பச்சைக் கழிவு அதிகம். அதற்கும் சருகே மருந்து. நம் பக்கம் வேர்க்கடலைத் தோலுக்குப் பஞ்சமில்லை. நொறுக்கிப் போட்டால் காற்று நன்றாக ஓடும், ஆனால் மக்க மாதக்கணக்காகும். சலிக்கும்போது மேலே நிற்பதை அடுத்த வாளிக்குப் போட்டுவிடலாம்.

புழுவைக் கண்டு மருந்தடிப்பது

வேண்டாம். அந்தச் சாம்பல் நிறப் புழு கழிவைத்தான் தின்கிறது. மேலே இரண்டு அங்குலம் சருகு போடுங்கள், ஈ குறையும்.

மண்புழுவை வெயிலில் விடுவது

35 டிகிரிக்கு மேல் தாங்காது.

பிரியாணி எலும்பு

எலி வரும்.

தோல் துண்டு

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் செருப்புப் பட்டறைத் துண்டுகள் சும்மா கிடைக்கும். "மாட்டுத் தோல்தானே, மக்கிடும்" என்று போடுகிறவர்கள் உண்டு. குரோமியம் என்ற கன உலோகத்தை ஏற்றிப் பதனிட்ட தோல் எளிதில் மக்காது. தோல் சிதைந்தாலும் குரோமியம் உரத்திலேயே தங்கும். கீரைத் தொட்டிக்குப் போகும் உரத்தில் ஒரு துண்டுகூட வேண்டாம்.