பயிற்சி முகாம் போடும் முன் திண்ணையில் உட்காருங்கள்: மனித மைய வடிவமைப்பு, முதல்முறை செய்பவர்களுக்கு

காரைக்குடிப் பக்கம் பனையோலைக் கொட்டான், அதாவது சின்னக் கூடை, பின்னும் ஒரு மகளிர் குழு. ஒரு கல்யாண ஆர்டரில் பாதிக் கொட்டான் திரும்பி வந்துவிட்டது. எல்லாம் 6 அங்குலம் என்று பேச்சு. ஆனால் 5 அங்குலம்கூட இல்லாததும் இருந்தது, 7-ஐத் தொட்டதும் இருந்தது. குழுவுக்கு உதவும் அமைப்பு உடனே இன்னொரு பயிற்சி முகாம் போட நாள் பார்த்தது. அது மூன்றாவது முகாமாக இருந்திருக்கும். அங்கே கணக்கு பார்த்துக்கொடுக்கப் போய்வந்த நான், "ஒரு வாரம் பொறுங்க, முதல்ல போய்ப் பார்ப்போம்" என்றேன்.

மனித மைய வடிவமைப்பு என்பது இந்த "போய்ப் பார்ப்போம்"தான். ஒரு பொருளையோ திட்டத்தையோ அலுவலகத்தில் உட்கார்ந்து யோசிக்காமல், அதைப் பயன்படுத்தப் போகிறவரின் வீட்டிலிருந்து யோசிப்பது. அமெரிக்காவில் ஐடியோ என்ற வடிவமைப்பு நிறுவனம் இதைப் பரவலாக்கியது. சமூகப் பணிக்கென்றே 2011-ல் ஐடியோ.ஆர்க் என்ற அமைப்பைத் தனியாகத் தொடங்கினார்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புப் பள்ளியான டி.ஸ்கூல் இதையே ஐந்து படியாகச் சொல்லிக்கொடுக்கிறது: புரிந்துகொள், சிக்கலை வரையறு, யோசி, மாதிரி செய், சோதி. நான் அந்த வரிசையிலேயே போகிறேன். ஆனால் முதல் படியில்தான் அதிக நேரம் நிற்பேன். அங்கே அவசரப்பட்டால் மற்ற நான்கும் வீண்.

படி 1: போய் உட்காருங்கள்

ஐந்தாறு வீடு போதும். நன்றாகப் பின்னுகிறவர், சுமாராகப் பின்னுகிறவர், பின்னுவதையே விட்டுவிட்டவர் என்று கலந்து எடுங்கள். விட்டுவிட்டவரை மறக்கவே கூடாது. அமைப்பின் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்பவர் பெரும்பாலும் அவர்தான்.

படிவம் கொண்டுபோகாதீர்கள். படிவத்தைப் பார்த்ததும் எல்லோரும் "நல்லா இருக்குங்க" என்றுதான் சொல்வார்கள். "பயிற்சி பிடிச்சிருந்ததா?" என்று கேட்டாலும் அதே பதில்தான். "நேத்து எப்ப பின்ன உட்கார்ந்தீங்க? அதுக்கு முன்னாடி என்ன வேலை? எங்க உட்கார்ந்தீங்க?" என்று கேளுங்கள். நேற்று நடந்ததைக் கேட்டால் கதை வரும், கருத்தைக் கேட்டால் மரியாதைதான் வரும். அப்புறம், வாயை மூடிக்கொண்டு கையைப் பாருங்கள். படம் எடுப்பதாக இருந்தால் கேட்டுவிட்டு எடுங்கள்.

நான் பார்த்தது இது. ஈர ஓலையை ஒரு அக்கா ஊசி முனையால் வகிர்ந்துகொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அக்கா கட்டைவிரல் நகத்தால். இருவரும் அமைப்பு சொன்னபடி 30 இழை எண்ணித்தான் எடுத்தார்கள். எண்ணிக்கையில் தப்பே இல்லை. ஸ்கேலை வைத்துப் பார்த்தேன்: ஒருவர் இழை 5 மி.மீ., இன்னொருவர் இழை 6. 30 இழைக்குக் கணக்குப் போட்டால் 15 செ.மீ. எங்கே, 18 செ.மீ. எங்கே? கிட்டத்தட்ட ஒரு அங்குலம் கூடிவிடுகிறது. இரண்டு முகாமிலும் பின்னலைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஓலையை அங்கேயே வகிர்ந்து, கட்டாகக் கையில் கொடுத்துவிட்டிருந்தார்கள்!

படி 2: கேள்வியைத் திருப்பி எழுதுங்கள்

பார்த்ததை வைத்துக் கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள். எங்கள் பழைய கேள்வி: "பெண்களுக்கு எப்படிச் சரியாகப் பின்னக் கற்றுக்கொடுப்பது?" புதியது: "அளவுகோல் இல்லாத வீட்டில், இரவு வேலைகளுக்கு நடுவே, எல்லோருக்கும் ஒரே அகலத்தில் இழை கிடைக்க என்ன செய்யலாம்?" பழைய கேள்வியில் குறை பெண்களிடம் இருந்தது. புதியதில் யாரிடமும் இல்லை.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கும் இப்படி ஒன்று நடந்தது. 1976-ல் 11 படுக்கையோடு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கியது அது. அறுவைச் சிகிச்சை இலவசம் என்று சொல்லியும் கிராமத்து ஆட்கள் பலர் வரவில்லை. பஸ் காசு, சாப்பாடு, பயம் என்று தடைகள் வேறு இடத்தில் இருந்தன. வண்டியும் சாப்பாடும் சேர்த்தே கொடுத்தார்கள்.

படி 3: யோசனைகளைக் கொட்டுங்கள்

பின்னுகிறவர்களையும் கூட்டி வைத்து 20 நிமிடம், அவ்வளவுதான். யோசனை வரும்போது குறை சொல்லக் கூடாது. குறை சொல்கிறவர் பெரும்பாலும் தலைவர்தான் என்பதால், அவர் கடைசியில் பேசட்டும். பிறகு மூன்று கேள்வியால் வடிகட்டுங்கள்: இது அவர்களுக்கு வேண்டுமா, நம்மால் செய்ய முடியுமா, காசு கட்டுப்படியாகுமா? இழை வகிர மெஷின் வாங்கலாம் என்ற யோசனை மூன்றாவது கேள்வியிலேயே விழுந்தது.

படி 4: மலிவாக ஒரு மாதிரி

ஒரு மரக்கட்டை, இரண்டு சவர பிளேடு, நடுவே அட்டையை அடுக்கி 5 மி.மீ. இடைவெளி. ஓலையை வைத்து இழுத்தால் இழை வரும். அரை மணி நேர வேலை. வேண்டுமென்றே அழகாகச் செய்யவில்லை. பளபளப்பாக இருந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், செய்த நமக்கும் அதைத் தூக்கிப்போட மனசு வராது. மலிவு விலை சானிட்டரி நாப்கின் மெஷினைச் செய்த கோவை முருகானந்தம், நாப்கினைச் சோதிக்கக் கால்பந்து பிளாடரில் ஆட்டு ரத்தத்தை நிரப்பி இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்ததை நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள்

எப்படிப் பிடிப்பது என்று விளக்காதீர்கள். விளக்கினால்தான் வேலை செய்யும் என்றால் அது இன்னும் தயாராகவில்லை.

முதல் கட்டை அரை நாள்கூடத் தாங்கவில்லை. காய்ந்த ஓலை ஓரத்தில் பிசிறடித்தது. ஒரு வீட்டில் தவழும் குழந்தை நேரே பிளேடை நோக்கி வந்தது. அலுவலகத்தில் எவருக்கும் தோன்றாத விஷயம். பிளேடுக்கு மேலே இன்னொரு கட்டையை வைத்து, ஓலை நுழைய மட்டும் பிளவு விட்டோம். மூன்றாவது மாதிரியில் 12 கொட்டான் பின்னி வரிசையாக அடுக்கியபோது விளிம்பு ஒன்றுபோல இருந்தது.

ஒரு அப்பத்தா மட்டும் கட்டையைத் தொடவில்லை. "எனக்கு எதுக்கு தம்பி இது? இந்த வெரலு அம்பது வருசமா இதைத்தான் பண்ணுது" என்றார். அளந்து பார்த்தேன். எல்லா இழையும் 5 மி.மீ. அவர் பங்குக் கட்டையைப் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குக் கொடுத்தோம்.

அதற்கப்புறம்

பிளேடு துருப்பிடித்தால் யார் மாற்றுவது, அந்தக் காசு எந்தக் கணக்கில் என்று எழுதி வையுங்கள். நாங்கள் எழுதாமல் விட்டோம். இரண்டே மாதத்தில் நான்கு கட்டை பரணுக்குப் போய்விட்டது. இப்போது குழுவின் பொருளாளர் அக்கா மாதக் கூட்டத்துக்கு ஒரு பாக்கெட் பிளேடு வாங்கி வருகிறார், குழுக் கணக்கில். அடுத்து சாயம் காய்ச்சும் வீடுகளுக்குப் போகப்போகிறோம். ஒரே சிவப்பு வீட்டுக்கு வீடு வேறாக வருகிறதாம்.