டென்ட் பக்கத்தில் ஒரு சமையலறை: முதல்முறை போகிறவர்களுக்கு

கனகபுரா ரோட்டிலோ ராமநகரா பக்கமோ தெரிந்தவர் தோட்டத்தில் டென்ட் போட்டு ஒரு ராத்திரி தங்கப் போகிறீர்கள். நாலு பேருக்கு ராத்திரிச் சாப்பாடு, காலை டிபன் இரண்டையும் அங்கேயே சமைக்க வேண்டும். பெங்களூரில் இருந்துகொண்டு இதைச் செய்யாமல் இருப்பது பெரிய நஷ்டம் என்பேன். அடுப்பை எங்கே வைப்பது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக அமையும்.

ஒரு விஷயம்: காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் தங்குவதும் நெருப்பு மூட்டுவதும் குற்றம். பன்னேர்கட்டாவிலிருந்து காவிரி வரைக்கும் யானை நடமாடும் காடு. தோட்டத்துப் பக்கம் யானை வருமா என்று தோட்டத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டே நாள் குறியுங்கள்.

1. காற்றைப் பாருங்கள்

ஒரு கைப்பிடி காய்ந்த மண்ணை இடுப்பு உயரத்திலிருந்து மெல்ல விடுங்கள். தூசி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் அடுப்பு, எதிர்ப்பக்கம் டென்ட். இரண்டுக்கும் நடுவே பதினைந்து அடியாவது இருக்கட்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே பெரும்பாலும் மேற்கிலிருந்து காற்று வரும், டிசம்பர், ஜனவரியில் கிழக்கிலிருந்து. ஏப்ரல், மே சாயங்கால இடிமழை நேரத்தில் எந்தத் திசையையும் நம்ப முடியாது.

அடுப்பு வைக்கும் இடத்தைச் சுற்றி நாலைந்து அடிக்குப் புல், சருகு எல்லாவற்றையும் மண் தெரியும்வரை செதுக்கித் தண்ணீர் தெளித்துவிடுங்கள். பிப்ரவரி தாண்டினால் புல் அவ்வளவு காய்ந்திருக்கும்.

2. மேலே தார்ப்பாய்

தார்ப்பாயும் நைலான் கயிறும் பெங்களூர் எஸ்.ஜே.பி. ரோட்டுக் கடைகளில் கிடைக்கும். இரண்டு மரங்களுக்கு நடுவே தலைக்கு மேல் நன்றாக உயர்த்திக் கட்டி, ஒரு பக்கத்தைச் சரித்து இறக்குங்கள். சரிவு இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் நடுவில் தேங்கி மொத்தமும் பாத்திரத்தில் கொட்டும். அடுப்பு உயரமான ஓரத்தை ஒட்டி இருக்கட்டும், தாழ்ந்த பக்கம் வேண்டவே வேண்டாம்.

3. அடுப்பு

விறகில் சமைக்க ஆசை வரும். முதல் தடவை வேண்டாம். கேஸ் போதும். 5 கிலோ சிலிண்டரும் ஒற்றை பர்னரும் நாலு பேருக்குத் தாராளம். தெருமுனையில் திருட்டுத்தனமாக நிரப்பித் தரும் குட்டி சிலிண்டரைத் தொடாதீர்கள்.

ரெகுலேட்டரை மாட்டியதும் சோப்பு நீரை நன்றாக நுரைக்க அடித்து, டியூப் சேரும் இடம் ஒவ்வொன்றிலும் விரலால் தடவுங்கள். வால்வைத் திறந்து அரை நிமிஷம் உற்றுப் பாருங்கள். சின்னச் சின்னக் குமிழி ஒரே இடத்தில் விடாமல் ஊறி வந்தால் அங்கே கசிவு. உடனே மூடி, வாஷரைப் பாருங்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் போய்த் தங்கும். அதனால் பள்ளமான இடத்தில் அடுப்பு கூடாது.

பக்கவாட்டில் டப்பா கேஸ் பொருத்தும் அடுப்பு என்றால், டப்பாவின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய பாத்திரத்தை வைக்காதீர்கள். அடுப்பைச் சுற்றிலும் காற்றுமறைப்பு கட்டவும் கூடாது. சூடு திரும்பி டப்பாவில் அடித்தால் வெடிக்கும். காற்று வரும் பக்கம் மட்டும் மறைத்தால் போதும்.

4. தண்ணீர்

நாலு பேருக்கு 20 லிட்டர் கேன் இரண்டு. ஒன்றில் குழாய் பொருத்தி ஒரு ஸ்டூலின் ஓரத்தில் வைத்துவிட்டால் கை கழுவ, அரிசி களைய வசதி. பாத்திரம் தேய்க்கும் இடம் ஏரி, கிணறு, ஓடையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். சின்னக் குழி வெட்டி அழுக்குத் தண்ணீரை அதில் ஊற்றுங்கள். தட்டில் ஒட்டிய சோற்றை முதலில் வழித்துப் பையில் போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

5. என்ன சமைப்பது

வீட்டிலேயே புளிக்காய்ச்சல் செய்து எடுத்துக்கொள்ளுங்கள், சோறு மட்டும் அங்கே. ராத்திரிக்கு அப்பளமும் ஒரு ரசமும் போதும். தேங்காய்ச் சட்னியை அரைத்து எடுத்துப் போகாதீர்கள், வெயிலில் ஊசிவிடும். காலைக்கு ரவா உப்புமாதான் என் ஓட்டு. பாலையும் தயிரையும் ஐஸ் பெட்டியில் வையுங்கள். அதற்கு ஐஸ்கட்டி வாங்க வேண்டாம், தண்ணீர் பாட்டிலை உறைய வைத்து அடுக்கினால் உருகியதும் குடிக்கலாம்.

குக்கர் கட்டாயம். கடல்மட்டத்துக்கு மேல் இந்த உயரத்தில் தண்ணீர் 97, 98 டிகிரிக்கே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரம் பிடிக்கும், கேஸும் வீண்.

6. படுக்கும் முன்

மிச்சச் சாப்பாடு, ஸ்நாக்ஸ் எல்லாம் காருக்குள். ராமநகரா பக்கம் குரங்குகள் விடிந்ததுமே வந்துவிடும். எவ்வளவு குளிரடித்தாலும் அடுப்பையோ கரித்தணலையோ டென்ட்டுக்குள் கொண்டுபோகவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். குழந்தைகள் கூட இருந்தால் இதை அவர்களுக்கும் சொல்லிவையுங்கள்.

காலையில் கிளம்பும்போது, அடுப்பு எரிந்துகொண்டிருக்கையிலேயே சிலிண்டர் வால்வை மூடுங்கள். டியூபில் மிச்சமிருக்கும் கேஸ் எரிந்து தானாக அணையும். அதன் பிறகு அடுப்புத் திருகை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டருக்கு மூடி போட்டு, காரில் நிமிர்த்தி வைத்து ஜன்னலை இறக்கிவிட்டுப் புறப்படுங்கள்.