பிரசரும் பரம்பரையும்: இதயச் சுவர் தடிக்கும்போது நாங்கள் விடுகிற பிழைகள்

கிளினிக் வாங்கில் இருக்கும்போது அடிக்கடி காதில் விழும் கதை இது: "எங்கட ஆக்களுக்கு இதயமே பெரிசுதான். அப்பாவுக்கும் அப்பிடித்தான், பெரியப்பாவுக்கும் அப்பிடித்தான்." சொல்பவரின் குரலில் கவலையை விட ஆறுதல்தான் கூடத் தெரியும். பரம்பரை என்றால் தன்னில் குற்றமில்லை, செய்வதற்கும் ஒன்றுமில்லை என்ற ஆறுதல். குற்றமில்லை என்பது சரி. செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதுதான் பிழை.

இரத்த அழுத்தம் கூடினால், இதயத்தின் இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் கூடிய எதிர்ப்பைத் தாண்டி இரத்தத்தைத் தள்ள வேண்டும். வருடக்கணக்கில் இது நடந்தால் அதன் சுவர் தடிக்கும். வளர்ந்தவர்களில் அந்தச் சுவரின் தடிப்பு வழக்கமாக 6 முதல் 10 மில்லிமீற்றர். 12, 13 என்று போனால் சுவர் விறைப்பாகி, தளர்ந்து இரத்தத்தை வாங்கிக்கொள்ளச் சிரமப்படும். படியேறினால் மூச்சு வாங்கும். பாரிசவாதம், ஒழுங்கற்ற துடிப்பு, இதயச் செயலிழப்பு ஆகியவற்றுக்கான ஆபத்தும் கூடும்.

ஆனால் ஒரே அளவு பிரசர் உள்ள இரண்டு பேருக்கு ஒரே அளவு தடிப்பு வருவதில்லை. ஒரே பனையை ஒரே காலம் ஏறி இறங்கிய இரண்டு சீவல் தொழிலாளரின் புயங்கள் ஒரே பருமனில் இருக்கின்றனவா? மரபணுவின் பங்கு இங்கேதான் வருகிறது. இரட்டையர்களிலும் குடும்பங்களிலும் செய்த ஆய்வுகள், இதயத் தசையின் நிறையில் ஒரு பங்கு பரம்பரையாக வருவதைக் காட்டியிருக்கின்றன. அதற்கு ஒரு தனி மரபணு காரணமில்லை. சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைக்கும் விதம், இரத்தக் குழாயைச் சுருக்கும் அஞ்சியோடென்சின், அல்டொஸ்டெரோன் என்ற ஹோர்மோன், தசைக் கலத்தின் வளர்ச்சி என்று பலவற்றைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் ஒவ்வொன்றும் சிறிது சிறிதாகச் சேர்க்கின்றன. சுமைக்கு இதயம் எப்படி ஈடுகொடுக்கும் என்பதைத்தான் அவை சொல்கின்றன. சுமையைக் குறைப்பது எங்கள் கையில்.

இதை விளங்காமல், "ஜீன் ரெஸ்ட் ஒண்டு செய்தால் எல்லாம் தெரியும்தானே" என்று வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் காசில் பரிசோதனைக்கு ஓடுவது அடுத்த பிழை. அஞ்சியோடென்சினை உருவாக்கும் ஏசிஈ நொதியின் மரபணுவில் ஒரு துண்டு இல்லாதவர்களுக்கு இதயச் சுவர் தடிக்கும் வாய்ப்புக் கூட என்று 1994இல் ஒரு பெயர்பெற்ற மருத்துவ ஏட்டில் ஆய்வு வந்தது. பெரிய எதிர்பார்ப்புக் கிளம்பியது. இரண்டே வருடத்தில், 1996இல், அதே ஏட்டில் அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஆய்வுக் குடும்பங்களை வைத்துச் செய்த வேலை வெளிவந்தது. அப்படித் தொடர்பு எதுவும் காணவில்லை. சாதாரண பிரசர் நோயாளிக்கு அந்தப் பரிசோதனையின் முடிவு குளிசையை மாற்றாது. அந்தக் காசுக்கு வீட்டில் வைத்துப் பார்க்க நல்லதொரு பிரசர் மிசின் வாங்கலாம்.

இதற்கு நேரெதிரான பிழையும் உண்டு. அதுதான் ஆபத்து கூடியது. எல்லாத் தடிப்பையும் பிரசரின் தலையில் போட்டுவிடுவது. பிரசர் கொஞ்சம்தான் கூட, ஆனால் எக்கோவில் (இதயத்தின் ஸ்கானில்) சுவர் 15 மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேல். அதிலும் இரண்டு கீழறைகளுக்கு நடுவிலுள்ள சுவர் மட்டும் தனியாகத் தடித்திருக்கிறது என்றால், அது பரம்பரை இதயத் தசை நோயாக இருக்கலாம். ஏறக்குறைய 500 பேரில் ஒருவருக்கு இது இருப்பதாகக் கணிக்கப்படுகிறது. இங்கே கதை வேறு: பெரும்பாலும் ஒரே மரபணுவின் கோளாறு, பெற்றாரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. இந்தக் குடும்பங்களில்தான் மரபணுப் பரிசோதனைக்கு உண்மையான பயன் இருக்கிறது. பெற்றார், சகோதரர், பிள்ளைகள் எல்லோரும் ஈசிஜியும் எக்கோவும் எடுக்க வேண்டும். ஒருமுறை நோர்மல் என்று வந்தால் பிறகு தேவையில்லை என்பதும் இல்லை. தடிப்பு இளவயதில் மெல்ல வெளிப்படும் என்பதால் சில வருடங்களுக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும்.

தென்னாசியர்களுக்கு இதில் ஒரு தனிக்கதை இருக்கிறது. இதயத் தசையின் மயோசின் பிணைப்புப் புரதம் சி என்ற புரதத்தின் மரபணுவில் 25 டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்டிருப்பது எங்கள் பிராந்தியத்து மக்களில் ஏறத்தாழ 4 சதவீதத்தினரிடம் காணப்படுகிறது என்று 2009இல் வெளியான ஆய்வு சொன்னது. நூற்றுக்கு நாலு பேர் என்றால் உங்கள் ஒழுங்கையிலேயே யாருக்கோ இருக்கும். அதைக் கேட்டுப் பயந்துவிடவும் வேண்டாம்: இந்த விடுபடல் மட்டும் உள்ள பெரும்பாலானோருக்குப் பெரிய ஆபத்தில்லை, அதனோடு சேர்ந்து வரும் இன்னொரு மாற்றமும் உள்ள சிறு பகுதியினரிடமே நோய் கூட என்று பின்வந்த ஆய்வுகள் காட்டுகின்றன.

ஆகவே டொக்டர் "குடும்பத்தில ஆருக்கும் இருக்கோ?" என்று கேட்கும்போது சொல்லும் பதில் மிக முக்கியம். அங்கேதான் நாங்கள் கூடுதலாகச் சொதப்புகிறோம். சடுதியாக விழுந்து இறந்த எல்லோரையும் "அட்டாக்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். எத்தனை வயதில், என்ன செய்துகொண்டிருக்கும்போது, அதற்கு முன் மயங்கி விழுந்தவரா என்பதுதான் தேவையான தகவல். 50 வயதுக்கு முன் திடீரென இறந்தவர், விளையாட்டுத் திடலில் மயங்கி விழுந்த மருமகன், "வலிப்பு" என்று சொல்லி விட்டுவிட்ட மச்சாள் எல்லோரையும் சொல்ல வேண்டும். தாய் வழியையும் சொல்ல வேண்டும். அப்பாவின் பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டு வருபவர்கள் அநேகம். மச்சானும் மச்சாளும் கலியாணம் செய்த குடும்பம் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

யாழ்ப்பாணத்தில் இன்னொரு சிக்கல். 1995 இடப்பெயர்வோடு எத்தனையோ வீடுகளில் பழைய துண்டுகளும் றிப்போட்டுகளும் போய்விட்டன. அப்பப்பாவுக்கு என்ன வருத்தம் என்று சொல்ல ஆளில்லை. அப்படியென்றால் "தெரியாது" என்று சொல்லுங்கள். "ஒருத்தருக்கும் இல்லை" என்று சொல்லாதீர்கள். இரண்டும் டொக்டரை வேறு வேறு வழியில் கொண்டுபோகும். அதேநேரம் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் சித்தப்பா, மாமிமாரிடம் கேட்டீர்களா? "நெஞ்சுக்குள்ள மிசின் வைச்சவர்" என்று கதைக்கிற அந்த உறவுக்காரருக்கு அங்கே மரபணுப் பரிசோதனை செய்திருந்தால், அந்த முடிவின் பிரதி வாட்ஸ்அப்பில் வந்தாலே போதும். எந்த மாற்றத்தைத் தேடுவது என்று தெரிந்துவிட்டால் இங்குள்ளவர்களில் தேடுவது சுலபம்.

எக்ஸ்றே, ஈசிஜி நோர்மல் என்பதால் தடிப்பில்லை என்று நினைக்கக்கூடாது. சுவர் உள்நோக்கித் தடித்தால் எக்ஸ்றேயில் இதயத்தின் அளவு மாறாமலே தெரியலாம். ஈசிஜி பல தடிப்புகளைத் தவறவிடும். எக்கோதான் அளந்து சொல்லும்.

உப்பு பற்றி நீட்டத் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அளவு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவு. கருவாட்டுக் குழம்பும் மோர்மிளகாயும் ஊறுகாயும் ஒரே கோப்பையில் விழும் நாளில் அது மத்தியானமே தாண்டிவிடும். கூடிய உப்பு பிரசரைக் கூட்டுவதோடு நிற்பதில்லை, இதயச் சுவரையும் தடிக்க வைக்கும்.

குளிசை விஷயம்தான் மிச்சம். வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டும் என்பதற்காகக் கிளினிக் நாளில் பிரசர் குளிசையையும் போடாமல் வருவார்கள் பலர். பிறகு பிரசர் ஏறி நிற்குது என்று மருந்து கூட்டப்படும். ஒரு மிடறு தண்ணீரோடு போடலாமா என்று முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். எனலபிரில் என்ற பிரசர் குளிசையால் வறட்டு இருமல் வந்தால் சொல்லாமல் நிறுத்துவதும் வழக்கம். சொன்னால் லொசார்டனுக்கு மாற்றித் தருவார்கள். சுவர் தடித்த 9,193 பேரில் செய்து 2002இல் வெளியான லைஃப் ஆய்வில், அற்றெனலோல் என்ற இன்னொரு பிரசர் மருந்தை விட லொசார்டன் தடிப்பைக் கூடுதலாகக் குறைத்தது; பாரிசவாதமும் 25 சதவீதம் குறைவு. பிரசரால் சுவர் கூடத் தடிக்கும் பரம்பரைப் போக்கு உள்ளவருக்கும் சுவர் மெலியும். ஆனால் அதற்கு மாதங்கள், வருடங்கள் தேவை. பிரசர் இறங்கியவுடன் குளிசையை விட்டால் அது நடக்காது.

"அம்மாவுக்கும் எனக்கும் ஒரே வருத்தம்தானே" என்று தாயின் குளிசையை மகள் போடுவதைக் கட்டாயம் நிறுத்த வேண்டும். நடுச்சுவர் தடித்து இரத்தம் வெளியேறும் பாதை அடைபடும் வகை நோயில், குழாயை விரிக்கும் அம்லோடிபின் போன்றவை நிலைமையை மோசமாக்கலாம். கர்ப்பத்தில் லொசார்டனும் எனலபிரிலும் சிசுவின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் அதற்கு முன்னமே கிளினிக்கில் சொல்லுங்கள். மெதைல்டோபா போன்ற மாற்று மருந்துகள் இருக்கின்றன.