சாயப்பட்டறையைத் தேர்ந்தெடுக்கும் ஏஜென்ட்: மைக்ரோசர்வீஸ்களோடு இணைக்கும் முறை

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு நான் எழுதிக்கொடுத்த மென்பொருளில் ஆர்டர், துணி இருப்பு, ஜாப் ஒர்க் சலான் (வெளியே வேலைக்கு அனுப்பும் துணிக்கான சீட்டு) ஆகிய மூன்றும் தனித்தனி மைக்ரோசர்வீஸ்களாக, அதாவது தனித்தனியே இயங்கும் சிறு நிரல்களாக, இயங்குகின்றன. நிட்டிங் முடிந்த துணியை எந்தச் சாயப்பட்டறைக்கு அனுப்புவது என்பதை மட்டும் மேலாளர் தொலைபேசியில் விசாரித்து முடிவுசெய்து வந்தார். அந்த வேலையைத் தானியங்கி ஏஜென்ட்டிடம், அதாவது சூழலைப் பார்த்துத் தானே முடிவெடுக்கும் நிரலிடம், ஒப்படைத்த முறையை இங்கே எழுதுகிறேன். பைத்தானும் டாக்கரும் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதல் படியாக, ஏஜென்ட்டையும் சொந்தத் தரவுத்தளம் கொண்ட ஒரு தனி சர்வீஸாகவே அமையுங்கள். இருப்பு வேண்டுமானால் அது இருப்பு சர்வீஸின் ஏபிஐயைக் கேட்க வேண்டுமே தவிர, அதன் அட்டவணையை நேராகப் படிக்கக் கூடாது.

இரண்டாவதாக, செய்திகளைக் கடத்த ராபிட்எம்க்யூவை நிறுவுங்கள். இந்த அளவு வேலைக்கு, செய்திகளைக் கடத்தும் இன்னொரு மென்பொருளான காஃப்கா தேவையற்ற சுமை என்பது என் கருத்து. செய்திகளுக்கு 5672, நிர்வாகத் திரைக்கு 15672 ஆகிய போர்ட்களைத் திறந்தால் போதும்.

மூன்றாவது படி பேரம். கணினி ஆய்வாளர் ரீட் ஸ்மித் 1980-இல் வெளியிட்ட கான்ட்ராக்ட் நெட் முறையைப் பின்பற்றினேன்; வேலையை அறிவித்து, வரும் பதில்களில் சிறந்ததைத் தேர்ந்தெடுப்பதே அது. மேலாளர் தொலைபேசியில் செய்துவந்ததும் ஏறக்குறைய அதுதான். ஒதுக்கீட்டு ஏஜென்ட் லாட் (ஒன்றாகச் சாயமிட வேண்டிய துணித் தொகுதி) எண், எடை, நிறம், தேவைப்படும் நாள் ஆகியவற்றை அறிவிக்கும். ஒவ்வொரு பட்டறைக்கும் உரிய ஏஜென்ட் கூலியையும் அன்றைய மீதித் திறனையும் சொல்லும். கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாத நிலையில்தான் பட்டறைகள் இயங்க வேண்டும் என்பதால், சுத்திகரிக்க முடிகிற அளவுக்கு மேல் அவை சாயமிட முடியாது. எனவே கூலியை மட்டும் கேட்டு முடிவெடுப்பது பயன் தராது.

நான் இடறியது நான்காவது படியில். பட்டறைகள் பதில் சொல்ல ஒரு மணி நேரம் கொடுத்திருந்தேன். அதுவரை ஏஜென்ட், பெற்ற செய்திக்கு ஒப்புகை (செய்தியைக் கையாண்டுவிட்டேன் என்ற பதில்) அனுப்பாமல் காத்திருந்தது. என் ராபிட்எம்க்யூ ஒப்புகைக்காக இயல்பாக 30 நிமிடங்களே பொறுத்திருந்தது. அதன் பிறகு சேனலை (ஏஜென்ட்டுடனான இணைப்பை) மூடி, அதே செய்தியை உடன் இயங்கிய ஏஜென்ட்டின் இரண்டாவது நகலிடம் கொடுத்துவிட்டது. இது தெரியாத முதல் நகல் ஒரு பட்டறைக்குச் சலான் போட்டது. அரை மணி நேரம் கழித்து, மாறியிருந்த கூலியைப் பார்த்த இரண்டாவது நகல் வேறொரு பட்டறைக்குப் போட்டது. கிடங்கு வாசலில் ஒரே துணியை ஏற்ற இரண்டு வண்டிகள் வந்து நின்றபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது.

இத்தனைக்கும் சலான் அட்டவணையில் யூனிக் கட்டுப்பாடு (ஒரே மதிப்பு இருமுறை பதிவாகாமல் தடுக்கும் விதி) இருந்தது. ஆனால் அதை லாட் எண்ணும் பட்டறைப் பெயரும் சேர்ந்ததாக அமைத்திருந்தேன்; பெயர் வேறானதால் இரண்டு வரிகளும் தடையின்றிப் பதிவாயின. சாதாரண சர்வீஸ் ஒரே கேள்விக்கு ஒரே விடை தரும் என்று நம்பி எழுதிய கட்டுப்பாடு அது. ஏஜென்ட் சூழலைப் பார்த்து விடையை மாற்றிக்கொள்ளும். ஆகவே அந்தக் கட்டுப்பாட்டுக்கான திறவுகோல் விடையிலிருந்து வரக் கூடாது, கேள்வியிலிருந்தே, அதாவது லாட் எண்ணிலிருந்து மட்டுமே, வர வேண்டும். அதன்பின் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 9.5 முதல் கிடைக்கும் 'ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங்' (அதே திறவுகோல் ஏற்கெனவே இருந்தால் எதுவும் செய்யாதே) கொண்டு பதியுங்கள். வரி பதிவாகவில்லை என்றால் முன்பு எடுத்த முடிவையே படித்துத் திருப்பிக் கொடுங்கள்.

கூடவே, செய்தியைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதையும் நிறுத்திவிட்டேன். லாட்டையும் கெடு நேரத்தையும் ஏஜென்ட் தன் அட்டவணையில் எழுதி, கமிட் ஆனதும் ஒப்புகை அனுப்பிவிடும். கெடு முடிந்த லாட்களை நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டைமர் எடுத்து முடிவுசெய்யும்.

பிற்சேர்க்கை: இதைப் பின்பற்றிய ஈரோட்டு வாசகர் ஒருவருக்கு, செயலி நின்றுபோனபோது சில லாட்கள் ஒதுக்கப்படாமலே மறைந்துவிட்டன. ராபிட்எம்க்யூவின் முதல் பைத்தான் பாடத்தில் 'ஆட்டோ ஆக்' (தானாக ஒப்புகை) ட்ரூ என்று இருப்பதை அவர் அப்படியே எடுத்தாண்டிருந்தார்; அதில் செய்தி அனுப்பப்பட்ட கணமே சேர்ந்துவிட்டதாகக் கொள்ளப்படும். அதை ஃபால்ஸ் ஆக்குங்கள். பெரிய லாட்டை இரண்டு பட்டறைகளுக்குப் பிரிக்கலாமா என்றும் அவர் கேட்டார். ஷேட் (நிறச் சாயல்) வேறுபடும் என்பதால் நான் பிரிப்பதில்லை. பிரித்தே ஆக வேண்டுமென்றால், பேரம் தொடங்கும் முன்பே பகுதி எண் கொடுத்து, லாட் எண்ணோடு அதையும் திறவுகோலில் சேர்த்துவிடுங்கள்.