பென்டிரைவில் கல்யாணம் ஓடாதபோது

"அக்கா, படம் வருது, சத்தம் வரல."

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டு முன்னறைதான் கடை. வாசலில் போர்டு கிடையாது. வீட்டுக்காரர் கல்யாணம் எடுக்கப் போவார். எடிட்டிங், மிக்சிங், பழைய கேசட்டை மாற்றுவது எல்லாம் என் பொறுப்பு. தை, ஆவணி முகூர்த்தங்கள் முடிந்த மறு வாரம் பென்டிரைவும் கையுமாக ஆட்கள் வருவார்கள். குறை என்னவோ ஐந்தாறுதான். "டிவில பைலே காட்டல." "வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம்." "போன்ல பளிச்சுன்னு இருந்துச்சு, கம்ப்யூட்டர்ல வெளுத்துப் போச்சு."

குறை எனக்குப் புதிதில்லை. ஆனால் கடை ஏறுவதற்குள் ஏதோ ஒரு இலவசக் கன்வெர்ட்டரில் மூன்று தடவை மாற்றியிருப்பார்கள், அதுதான் எரிச்சல். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்த மாதிரி, ஒவ்வொரு தடவையும் படம் தேய்ந்துகொண்டே போகும். அதனால் நான் முதலில் கேட்பது, "கேமராவுல இருந்து வந்த ஒரிஜினல் இருக்கா?" என்பதுதான். வாட்ஸ்அப்பில் வீடியோவாக வந்ததைக் கொண்டுவந்து ஹெச்டி ஆக்கித் தரச் சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவேன். அனுப்பியவரிடம் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். 2 ஜிபி வரை அப்படியே வரும்.

ஒரிஜினல் கைக்கு வந்ததும் கன்வெர்ட் பட்டனைத் தொடாதீர்கள். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பைலைத் திறந்து பாருங்கள். அது இல்லையென்றால் விஎல்சி பிளேயரில் கன்ட்ரோலும் ஜே விசையும் சேர்த்து அழுத்தினாலும் பாதி விவரம் கிடைக்கும். நான் ஒரு துண்டுத் தாளில் ஐந்து விஷயம் குறித்துக்கொள்வேன்: வீடியோ என்ன கோடெக் (சுருக்கும் முறை), ஆடியோ என்ன கோடெக், நொடிக்கு எத்தனை பிரேம், அது ஒரே சீராகவா ஏறி இறங்கியா, ஸ்கேன் டைப் புரோகிரசிவா (முழுப் பிரேமாகவா) இன்டர்லேஸ்டா (இரண்டு பாதியாகவா). முக்கால்வாசிப் பஞ்சாயத்து அந்தத் தாளிலேயே தீர்ந்துவிடும்.

எம்பி4, எம்கேவி, ஏவிஐ எல்லாம் டிபன் கேரியர். உள்ளே ஓர் அடுக்கில் வீடியோ, இன்னோர் அடுக்கில் ஆடியோ. கேரியர் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே ஒருவர் ஹெச்.264 கோடெக் வைத்திருப்பார், ஒருவர் ஹெச்இவிசி கோடெக் வைத்திருப்பார். டிவிக்குச் சில சமயம் கேரியரே பிடிக்காது. சில சமயம் ஒரே ஓர் அடுக்குதான் செரிக்காது. எது என்று தெரியாமல் மொத்தத்தையும் கொட்டிவிட்டு மறுபடி சமைப்பதைத்தான் எல்லாரும் கன்வெர்ட் செய்வது என்கிறார்கள்.

சத்தம் மட்டும் வராத கேஸில் வீடியோ அடுக்கு நன்றாகவே இருக்கும். ஆடியோ டிடிஎஸ்ஸாகவோ, டிவிக்குத் தெரியாத வேறொன்றாகவோ இருக்கும். அவிடெமக்ஸ் என்ற இலவச மென்பொருளில் பைலைத் திறந்து, வீடியோ அவுட்புட்டை 'காப்பி' என்றே விட்டுவிட்டு, ஆடியோ அவுட்புட்டை மட்டும் ஏஏசி ஆக்கி, கீழே எம்பி4 மக்ஸர் (அதாவது கேரியர்) கொடுத்துச் சேமியுங்கள். மூன்று மணி நேரக் கல்யாணமும் சில நிமிடத்தில் முடியும், படத்தில் ஒரு புள்ளிகூடத் தேயாது. கேரியர்தான் பிடிக்கவில்லை என்றால் இரண்டையும் காப்பியில் விட்டுக் கேரியரை மட்டும் மாற்றலாம். ஹேண்ட்பிரேக் நல்ல மென்பொருள்தான், நானும் தினமும் ஓட்டுகிறேன். ஆனால் வீடியோவை அப்படியே விட அதற்குத் தெரியாது, எதைக் கொடுத்தாலும் புதிதாகத்தான் சமைக்கும். அதனால் அதை இரண்டாவதாகத்தான் தேடிப் போக வேண்டும்.

பைலே காட்டவில்லை என்றால் பென்டிரைவைப் பாருங்கள். பழைய டிவிகள் எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவை மட்டும் படிக்கும், அதில் ஒரு பைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. ரெண்டர் (எடிட் செய்ததைப் பைலாக எழுதுவது) சரியாக 4 ஜிபியில் வந்து நின்றுபோகிறதென்றால் மென்பொருளைத் திட்டாதீர்கள், நீங்கள் சேமிக்கும் டிரைவ் எஃப்ஏடி32. எக்ஸ்ஃபேட் ஆக்கினால் எழுத முடியும், ஆனால் அதை டிவி படிக்குமா என்று ஒரு சின்ன பைலைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு காரணம், நிறத்தை அதிக நுணுக்கமாகப் பதிய புதுக் கேமராக்கள் எடுக்கும் 10 பிட், 4:2:2 வகை. கம்ப்யூட்டரில் ஓடும், டிவி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதற்கு 8 பிட், 4:2:0, ஹெச்.264 ஹை புரொஃபைலுக்கு மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

தவில் குச்சியைப் பாருங்கள்

லிப் சிங்க் விலகியதா என்று பார்க்கப் பேசுகிறவர் வாயைப் பார்ப்பார்கள். நான் தவில்காரர் கையைப் பார்ப்பேன். குச்சி தோலில் படும் பிரேமும் அடி கேட்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும், அதில் ஏமாற்ற முடியாது. மாப்பிள்ளை அழைப்பில் ஓர் இடம், தாலி கட்டு, கடைசியில் ஆசீர்வாதம் என மூன்று இடத்தில் பாருங்கள். விலகல் மூன்றிலும் ஒரே அளவா, போகப் போகக் கூடுகிறதா?

ஒரே அளவென்றால் சுலபம். விஎல்சியில் ஜே, கே விசைகள் ஆடியோவை 50 மில்லி நொடி முன்னும் பின்னும் நகர்த்தும். எத்தனை தடவை அழுத்தினால் குச்சியும் அடியும் சேர்கிறது என்று எண்ணிக்கொண்டு, அதே அளவை அவிடெமக்ஸில் ஆடியோ ஷிஃப்டாகக் கொடுத்துக் காப்பியிலேயே சேமித்துவிடலாம்.

கூடிக்கொண்டே போனால் பெரும்பாலும் போன்தான் காரணம். போன் கேமரா வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் தகுந்தபடி நொடிக்கு 30 என்று ஆரம்பித்து 27, 29 என்று அலையும். மீடியாஇன்ஃபோவில் 'வேரியபிள்' என்று இருக்கும். எடிட்டிங் மென்பொருள் அதைச் சீரான 30 என்று நம்பி அடுக்கிக்கொண்டே போகும், ஆடியோ தன் பாட்டில் ஓடும். இங்கேதான் ஹேண்ட்பிரேக் வேண்டும். வீடியோ பகுதியில் பிரேம்ரேட்டை 30 என்று வைத்து, அதன் கீழே 'கான்ஸ்டன்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதை எடிட்டிங் டைம்லைனில் போடுவதற்கு முன் செய்ய வேண்டும். வெட்டி ஒட்டிய பிறகு வந்து கேட்டால் நானும் ஒவ்வொரு துண்டாக இழுத்து நகர்த்தத்தான் முடியும்.

விலகல் மணிக்கு மூன்றரை நொடி போல இருந்தால் 29.97 என்பதை யாரோ 30 என்று வாசித்திருக்கிறார்கள். நாதஸ்வரம் வேகமாக ஓடி, சுருதியும் ஏறத்தாழ முக்கால் கட்டை ஏறி நின்றால், 44,100 சாம்பிளில் பதிந்ததை 48,000 என்று ஓட்டுகிறார்கள். இந்தக் கடைசிக் கேஸை நான் கண்டுபிடிக்கவில்லை. பக்கத்துத் தெரு நாதஸ்வரக்காரர் டீ குடிக்க வந்தவர், திரையைப் பார்க்காமலே, "இது என் சீவாளி இல்லம்மா, யாரோ ஏத்தி வாசிக்கிறான்" என்றார்.

அட்சதை விழும் 10 நொடி

திருவந்திபுரத்தில் முகூர்த்த நாளன்று எத்தனை ஜோடி என்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே எடுத்த வீடியோக்களில் எல்லாரும் ஒரே இடத்தைத்தான் காட்டுவார்கள்: "அக்கா, தாலி கட்டும்போது மட்டும் கட்டம் கட்டமா உடையுது."

அந்த இடத்தில்தான் உடையும். ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் மாறிய பகுதியை மட்டும் எழுதித்தான் வீடியோ சுருங்குகிறது. ரிசப்ஷனில் மேடை அசையாது, போட்டோவுக்கு நிற்பவர்கள் மட்டும் மாறுவார்கள், எழுத ஒன்றுமில்லை. கெட்டிமேளம் கொட்டும்போது ஹோமப் புகை, நூறு கையிலிருந்து பறக்கும் அட்சதை, பூ, போட்டோகிராபர் ஃபிளாஷ், பட்டுப் புடவை ஜரிகை என்று படத்தில் மாறாத இடமே இருக்காது. பிட்ரேட்டை, அதாவது ஒரு நொடிப் படத்துக்குச் செலவாகும் தரவை, 'ஒரே சீராக இவ்வளவு' என்று கட்டிவைத்தால், ரிசப்ஷனுக்கும் அதே படி, தாலிக்கும் அதே படி. அங்கே வீணாகும், இங்கே போதாது.

3 மணி நேரப் படத்தை 4 ஜிபிக்குள் அடைக்கச் சொன்னால், ஆடியோவையும் சேர்த்து நொடிக்கு 3 மெகாபிட்தான் தேறும். முழு ஹெச்டிக்கு அது அரைவயிற்றுச் சோறு. அதனால் ஒன்று, முகூர்த்தம் தனி, ரிசப்ஷன் தனி என்று இரண்டு பைலாகப் பிரியுங்கள். இல்லையென்றால் ஹேண்ட்பிரேக்கில் 'கான்ஸ்டன்ட் குவாலிட்டி' வைத்து, எண்ணை 20 பக்கம் விடுங்கள். எண் குறையக் குறையத் தரமும் அளவும் ஏறும், 6 குறைத்தால் பைல் ஏறத்தாழ இரட்டிப்பாகும். தாலி கட்டுக்கு வேண்டியதை அதுவே எடுத்துக்கொள்ளும். அளவு இன்னதுதான் என்று பிடிவாதம் இருந்தால் சராசரி பிட்ரேட் கொடுத்து இரண்டு பாஸ் ஓட்டுங்கள். முதல் சுற்றில் எங்கே கூட்டம் என்று பார்த்துவைத்து, இரண்டாவது சுற்றில் பங்கு பிரிக்கும்.

கிராபிக்ஸ் கார்டில் ரெண்டர் போட்டால் சீக்கிரம் முடிகிறதே என்பார்கள். முடியும். அதே பிட்ரேட்டில் பிராசசர் மெதுவாகச் செய்வதைவிடப் பொதுவாகத் தரம் ஒரு படி குறையும், அது தெரிவதும் இதே 10 நொடியில்தான். நான் முன்னோட்டம் அனுப்பக் கார்டு, கடைசிப் பிரதிக்கு இராத்திரி முழுக்கப் பிராசசர். மூன்று மணி நேரத்தையும் ஓட்டிப் பரிசோதிக்க வேண்டாம். அட்சதை விழும் ஒரு நிமிடத்தை மட்டும் வெட்டி இரண்டு மூன்று அமைப்பில் மாற்றிப் பாருங்கள். அது நன்றாக வந்தால் மற்றது தானாக வரும்.

பேட்டரி செத்த பைல்

ஒரு தடவை எங்கள் கேமராவே காலை வாரியது. ஊஞ்சல் பாதியில் பேட்டரி போய்விட்டது. மெமரி கார்டில் பைல் இருக்கிறது, 6 ஜிபி காட்டுகிறது, எதிலும் திறக்கவில்லை. எம்பி4 பைலில் எந்தப் பிரேம் எங்கே இருக்கிறது என்ற பொருளடக்கத்தைப் பல கேமராக்கள் ரெக்கார்டிங்கை நிறுத்தும்போதுதான் எழுதும். மென்பொருள் 'மூவ் ஆட்டம் இல்லை' என்று சொல்வது இதைத்தான். படம் உள்ளேயே இருக்கும், பொருளடக்கம்தான் இருக்காது.

அந்தக் கார்டில் மேற்கொண்டு ஒன்றும் எடுக்காதீர்கள், ஃபார்மேட் பக்கமே போகாதீர்கள். பைலைக் கம்ப்யூட்டருக்குக் காப்பி எடுத்து வைத்துக்கொண்ட பிறகு, கார்டைத் திரும்ப அதே கேமராவில் போட்டுப் பாருங்கள். சில கேமராக்கள் தாமாகவே சரிசெய்யட்டுமா என்று கேட்கும். கேட்கவில்லையென்றால் 'அன்ட்ரங்க்' என்றொரு இலவசக் கருவி உண்டு. அதே கேமராவில், அதே ரெசல்யூஷன், அதே பிரேம்ரேட்டில் எடுத்த நல்ல பைல் ஒன்றை மாதிரியாகக் கேட்கும். எனக்கு முதல் தடவை வேலை செய்யவில்லை. மாதிரிக்கு நான் கொடுத்தது 50 பிரேம், செத்தது 25 பிரேம். மாற்றிக் கொடுத்ததும் ஊஞ்சல் வந்துவிட்டது, கடைசி இரண்டு நொடி தவிர. கம்ப்யூட்டர் திரையைப் பதிவு செய்கிறவர்கள் எம்கேவியில் பதிந்துவிட்டு, முடிந்தபின் எம்பி4 கேரியருக்கு மாற்றிக்கொண்டால் கரன்ட் போனாலும் அதுவரை பதிந்தது மிஞ்சும்.

வெளுத்துப்போகும் கேஸ் பெரும்பாலும் எச்டிஆர், அதாவது வெளிச்சத்தையும் நிறத்தையும் கூடுதல் வீச்சில் பதியும் முறை. ஐபோன் 12 முதல் வந்த போன்களில் அது தானாகவே ஆன் ஆகியிருக்கும். கேமரா அமைப்பில் அணைத்துவிட்டு எடுப்பது உத்தமம். எடுத்தாகிவிட்டதென்றால் அந்த வீச்சைச் சுருக்கி (டோன்மேப்பிங்) சாதாரண எஸ்டிஆருக்கு இறக்கும் மென்பொருளில்தான் மாற்ற வேண்டும். மண்டபத்து லைட்டில் பட்டை பட்டையாக ஓடுவது இதில் சேராது. நம்மூர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ், ஷட்டரை 50இல் ஒரு பங்கு வைத்து எடுத்திருக்க வேண்டும். எந்தக் கன்வெர்ட்டரும் அதை முழுசாகத் துடைக்காது.

தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாக வந்தால் பைலை யூடிஎஃப் 8இல் சேமியுங்கள். எழுத்து வந்தும் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தால் அது டிவியின் கைவரிசை, அதற்குத் தமிழ் கோக்கத் தெரியவில்லை. எழுத்தைப் படத்தோடு படமாகப் பதித்துவிடுங்கள்.

கேசட்

கடற்கரை ஊரில் கேசட்டைப் பிளேயரில் போடுமுன் சின்னக் கதவைத் திறந்து டேப் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் அது பூஞ்சை, போட்டால் டேப்பைப் படிக்கும் பிளேயர் ஹெட்டும் போகும். நல்ல கேசட்டை மாற்றியதும் கையசைவில் சீப்புப் பல் மாதிரி கோடு தெரியும். நம் பிஏஎல் முறையில் ஒரு பிரேமை இரண்டு பாதியாக, நொடிக்கு 50 பாதி பதிவார்கள், அந்தப் பல் அதுதான். ஹேண்ட்பிரேக்கில் ஃபில்டர்ஸ் பகுதியில் டீஇன்டர்லேஸை 'பிடபிள்யுடிஐஎஃப்', பிரீசெட் 'பாப்' என்று வைத்தால் 50 பிரேமாக வழுக்கிக்கொண்டு ஓடும். புரோகிரசிவ் படத்துக்கு இதைப் போடாதீர்கள், சும்மா மங்கும். அத்தை மாமா எல்லாம் குண்டாகத் தெரிந்தால் 4:3 படத்தை யாரோ 16:9க்கு இழுத்திருக்கிறார்கள். 720க்கு 576 என்பதை 768க்கு 576 ஆகக் காட்டச் சொல்லுங்கள்.

புதுச்சேரியிலிருந்து ஒரு சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்) வீட்டுப் பாட்டி பேரனோடு வந்தார். பிரான்சிலிருந்து வந்த விஹெச்எஸ் கேசட், வேறொரு கடையில் மாற்றி வாங்கியிருக்கிறார்கள், முழுக்கக் கறுப்பு வெள்ளை. கேசட் பழசு, கலர் போய்விட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். கலர் போகவில்லை. பிரான்சில் அப்போது செகாம் முறை. வரிகளும் பிரேமும் நம் பிஏஎல் மாதிரிதான், கலரை எழுதும் விதம் வேறு. பிஏஎல் மட்டும் தெரிந்த பிளேயரில் போட்டால் படம் வரும், கலர் வராது. செகாம் படிக்கும் பிளேயர் ஒன்றை இரவல் வாங்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. கலர் வந்ததும் பாட்டி பேரன் தோளில் ஓர் அடி வைத்தார். "பச்சைப் புடவைன்னு சொன்னேன்ல? நம்பினியா?"